மைசூர்க் காகம்

காகம் வரைவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும். மை கொஞ்சம் கூடினால் கரிக்கட்டை, குறைந்தால் மைனா. கார்ட்டூன் கலைஞர் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த காகங்களில் அந்தக் கறுப்புக்குள்ளேயே கழுத்து திரும்பியிருப்பது தெரியும். தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே காய்ந்துபோய் இறகாகப் பிரிந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அது நம்மை அளந்துகொண்டிருக்கும்.

அந்தக் கை பம்பாய்க்குப் போய்ப் பழகிய கை அல்ல. 1921-இல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கடைக்குட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து காய்ந்த குச்சி, பல்லி, விறகு பிளக்கிறவர், காகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் போட்டுப் போட்டுப் பழக்கிய கை. ஹிந்து நாளிதழில் வந்த டேவிட் லோவின் கார்ட்டூன்களே குரு. 'லோ' (Low) என்ற கையொப்பத்தை 'கௌ' (Cow) என்று நெடுநாள் படித்தாராம்! எழுத்தைத் தப்பாகப் படித்த பையன் கோட்டைச் சரியாகப் படித்திருக்கிறான்.

பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளி இடம் தர மறுத்தது. மைசூர் மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். படிக்கும்போதே வேலையும் தொடங்கிவிட்டது. அண்ணன் ஆர்.கே. நாராயண் ஹிந்துவில் எழுதிய கதைகளுக்குப் படம், உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு அரசியல் கேலிச்சித்திரம், டாக்டர் எம். சிவராம் 1942-இல் தொடங்கிய 'கொரவஞ்சி' என்ற கன்னட நகைச்சுவை இதழுக்குக் கார்ட்டூன், ஒரு கோடை விடுமுறையில் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை. சம்பளப் பட்டியலில் பேர் ஏறுவதற்கு முன்னால் எத்தனை வாசல்கள்!

இதில் அண்ணனுக்குப் போட்ட படங்கள்தான் பெரிய பயிற்சி என்பேன். கதை சொல்லிவிட்டதையே படமும் சொன்னால் அந்த இடம் வீண். கதைக்காரர் ஒரு வரியில் தாண்டிப்போன தெருவுக்குச் சித்திரக்காரன்தான் ஓடு வேய வேண்டும், திண்ணை கட்ட வேண்டும், மூலையில் ஒரு நாயைப் படுக்க வைக்க வேண்டும். இத்தனையும் போட்ட பிறகும் பார்வை உரிய ஆளிடம் போய் நிற்க வேண்டும். ஒரே குடும்பத்தில் பிறந்து, ஒரே ஊரைப் பார்த்த இருவர் என்பதால் நாராயணின் கற்பனை ஊரான மால்குடி எழுத்திலும் கோட்டிலும் ஒரே ஊராகவே இருக்கிறது. பின்னாளில் சங்கர் நாக் எடுத்த 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் அந்தக் கோடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1951-இல் பம்பாயில், டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில், கட்டம் போட்ட கோட்டோடு அவருடைய சாமானியர் என்ற கார்ட்டூன் பாத்திரம் வந்து நின்றார். அமைச்சர்கள் பேசுகிறார்கள், கோப்புகள் சரிகின்றன, சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது. அவர் வாய் திறப்பதில்லை. ஓரமாக நின்று பார்க்கிறார். அந்தப் பார்வையை எனக்கு முன்பே தெரியும்: கூரை ஓரத்தில் உட்கார்ந்து, கீழே நடப்பதை ஒன்றுவிடாமல் கவனித்த மைசூர்க் காகத்தின் பார்வை.