கோட் வேண்டாம், சரி. கேன் யாருடையது?

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் கூடுவாஞ்சேரி பக்கம் ஜோஹோ வளாகம் வரும். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி. அவங்க 2006-ல் வெளியிட்ட 'கிரியேட்டர்', கோட் எழுதத் தெரியாதவங்களும் தங்களுக்கு வேண்டிய மென்பொருளைத் தாங்களே செஞ்சுக்கலாம் என்று வந்த ஆரம்பகாலக் கருவிகளில் ஒன்று.

இந்த வகைக் கருவிகளின் அடிப்படை எளிமையானது. எப்படிச் செய்யணும் என்று படிப்படியா சொல்ல வேண்டாம். என்ன வேணும் என்று மட்டும் சொன்னால் போதும். 'ஆர்டர்' என்று ஒரு படிவம், அதில் பெயர், தேதி, எண்ணிக்கை. சேமிப்பது, தேடுவது, திரையில் காட்டுவது எல்லாம் கருவியின் வேலை. ஆசை பழசுதான். 1974-ல் ஐபிஎம்மின் சேம்பர்லினும் பாய்ஸும் சீக்வெல் மொழியை (இன்றைய எஸ்க்யூஎல்) அறிமுகப்படுத்தியபோதே, கணினி நிபுணர் அல்லாதவங்களையும் மனசில் வெச்சிருந்தாங்க.

இதன் மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குறை, "கடைசியில் கோட் எழுதித்தான் ஆகணும்" என்பது. உண்மைதான். கிரியேட்டருக்குள்ளேயே டெலூஜ் என்று ஒரு ஸ்கிரிப்ட் மொழி இருக்கு. ஆனால் என் குறை வேற. 'என்ன வேணும்' என்று சொல்வதுதான் கஷ்டமான பாதி. அதை இந்தக் கருவிகள் சுலபமான பாதி மாதிரி காட்டுது.

சேலையூரில் தண்ணீர் கேன் போடும் என் அத்தை பையனுக்கு இப்படி ஒரு கருவியில் ஆப் செஞ்சு கொடுத்தேன். ஒரே சாயங்காலம். வாடிக்கையாளர் என்றால் கதவு எண். அதற்குக் கீழே முன்பணம், போட்ட கேன், திரும்பி வந்த காலி கேன். ரெண்டு மாசம் நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தவர் காலி பண்ணிட்டு முன்பணத்தைக் கேட்டார். அதற்குள் அந்தக் கதவு எண்ணில் புதுசா வந்தவர் பெயரை மாத்தியாச்சு. ஆப் கணக்குப்படி பணம் புதியவருடையது! பழையவரிடம் நின்ற ரெண்டு கேனும் இவர் தலையில்.

"அண்ணா, நோட்டுல ஓரமா எழுதி வெச்சுப்பேன். இதுல எங்க எழுதறது?" என்றான்.

தப்பு என்னுடையது. வீடு, ஆள், யார் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை குடியிருந்தார் என்று மூன்றாகப் பிரிச்சிருக்கணும். பிரிக்க அரை மணி நேரம்தான் ஆச்சு, ஒரு வரி கோட் கூட இல்லை. ஆனால் அதைக் கருவி என்னிடம் கேட்கவே இல்லை. சொன்னதை அப்படியே கட்டித் தந்தது.

அதனால் இப்படி ஒரு கருவியைத் திறக்கும் முன், கடையின் பழைய நோட்டை வாங்கி ஓரக் குறிப்புகளை முதலில் படிங்க. படிவத்தில் எது விட்டுப்போகும் என்பது அங்கேதான் இருக்கும்.