ஒன்பது மைக்ரோ ஆர்என்ஏக்களும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் யாருக்குத் திரும்ப வரும் என்பதை மைக்ரோ ஆர்என்ஏ அளவை வைத்துச் சொல்லலாம் என்று ஏகப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. கிறிஸ்டின் ஹவ் குழுவினர் 2015ல் ப்ளோஸ் ஒன் இதழில் எழுதியதை எடுத்துக்கலாம். 79 நோயாளிகளின் திசுக்களை வைத்து 9 மைக்ரோ ஆர்என்ஏக்களைப் பொறுக்கினார்கள். அந்த 79 பேரிடம் பிரமாதமாக வேலை செய்தது. வேறு நோயாளிகளிடம் சோதித்தபோது தேறவில்லை. அதை மறைக்காமல் எழுதியதால்தான் இந்தக் கட்டுரை மேல எனக்கு மரியாதை.

காரணம் புரோகிராமர்களுக்குப் புதுசில்லை. மாறிகள் நூற்றுக்கணக்கில், நோயாளிகள் சில டஜன் என்றால் தற்செயலாகவே ஏதாவது பொருந்தும். போதாக்குறைக்கு, உறையவைத்த திசுவில் அளப்பதும் பாரஃபினில் பதித்த திசுவில் அளப்பதும் ஒரே மாதிரி வராது.

என் பெரிய புகார் வேறு. அந்த எண் கைக்கு வந்தபிறகு சிகிச்சை மாறுமா? இந்தக் கேள்விக்குப் பல கட்டுரைகளில் பதிலே இல்லை.

பழனி மலை இருக்கிற திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ல் தொடங்கிய ஆய்வைப் பாருங்க. மலையடிவாரத்து அம்பிளிக்கை மருத்துவமனையும், லியோனில் உள்ள ஐஏஆர்சியும் பங்கெடுத்தது. 4% அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கண்ணால் பார்த்தார்கள். பரிசோதனைக்கு ஒதுக்கிய பகுதிகளில் 49,311 பெண்கள். 2007ல் லான்செட்டில் வந்த முடிவு: மற்ற பகுதிகளைவிட இந்த நோயால் வரும் சாவு 35% குறைவு.

இரண்டும் வெவ்வேறு கேள்விகள்தான், நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் திண்டுக்கல்லில் விடை வந்ததும் செய்ய ஒரு வேலை இருந்தது. தேவைப்பட்டவர்களுக்கு அன்றைக்கே கிரையோதெரபி. அடுத்த மைக்ரோ ஆர்என்ஏ கட்டுரையில் நான் முதலில் தேடப்போவது அந்த வேலையைத்தான்.