திருடன் வருவதற்கு முன் எல்லோரும் சுவர் ஏறினார்கள்

1

ஒரு விளையாட்டின் விதிப்புத்தகத்தைப் பிரதியாக வாசிக்க முடியுமா? முடியும். வாசித்தே ஆகவேண்டும் என்றும் சொல்வேன். நாவலில் அதிகாரம் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பேசும். விதிப்புத்தகத்தில் அதற்கு ஒளிய வேண்டிய தேவையில்லை. யார் எதைச் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்று அட்டவணை போட்டே சொல்லிவிடும்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கியது. பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்தும் போர் ஆட்டத்திலிருந்து கிளைத்தது. சிலர் கூடி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். நடுவராக ஒருவர் நிலவறையையும் பூதங்களையும் விவரிப்பார். "நான் கதவுல காது வச்சுக் கேக்கறேன்" என்று ஒருவர் சொல்ல, பகடை உருளும். கதை பேச்சிலேயே நடக்கும். பின்னால் வந்த ஏராளமான கணினி ஆட்டங்களுக்கும் இதுதான் தாய்வீடு. அங்கெல்லாம் நுழைவாயிலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: நீ எந்தக் 'கிளாஸ்'?

இந்தச் சொல்லை நாம் வர்க்கம் என்றும் எழுதுகிறோம், வகுப்பு என்றும் எழுதுகிறோம். வர்க்கம் என்றால் உற்பத்தி உறவு வந்து நிற்கும். இங்கே அது பொருந்தாது. நான் வகுப்பு என்றே எழுதுகிறேன். அதன் வேர் 'வகு'. வகுத்தல் என்றால் பிரித்தல்.

"அப்ப இது வர்ணம்தானே, போர்வீரன், பாதிரி எல்லாம் இருக்காங்களே" என்று நம்ம ஆட்கள் உடனே கிளம்புவார்கள். வேண்டாம். இங்கே வகுப்பை ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார். பிடிக்காவிட்டால் தாளைக் கிழித்துப் போடலாம். சாதியைக் கிழித்துப் போட முடிந்தவர் யார்? அந்த ஒப்புமை சாதியின் கொடுமையை விளையாட்டாக்கிவிடும். வகைப்படுத்தல் என்ற செயல் எப்படி வேலை செய்கிறது என்பதே என் அக்கறை.

2

1974ன் விதிகளில் வகுப்புகள் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, பாதிரி. மந்திரவாதிக்குக் குறுங்கத்தி தவிர ஆயுதம் கிடையாது. பாதிரி கூர்முனை ஆயுதம் தொடக்கூடாது. இந்த அடையாளங்கள் பாதி வல்லமையாலும் பாதி தடையாலும் ஆனவை. ஆனாலும் இவற்றுக்கு வெளியே பெரிய பொதுவெளி ஒன்று மிச்சம் இருந்தது. கதவில் காது வைத்தால் மனிதருக்கு ஆறில் ஒரு வாய்ப்பு, எந்த வகுப்பாக இருந்தாலும். பொறி இருக்கிறதா என்று பார்க்கப் பத்தடிக் கம்பால் தரையைத் தட்டிப் பார்ப்பேன் என்று யாரும் சொல்லலாம். சுவர் ஏறுவேன் என்றும் யாரும் சொல்லலாம். அதற்குத் தனி விதி இல்லை, பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

1975ல் 'கிரேஹாக்' என்ற துணைநூல் வந்தது. அதில் நான்காவது வகுப்பாகத் திருடன் நுழைகிறான். பூட்டுத் திறத்தல், பொறி அகற்றல், ஓசையின்றி நடத்தல், நிழலில் ஒளிதல், செங்குத்துச் சுவர் ஏறுதல் எல்லாம் அவனுடைய வல்லமைகள். பெரும்பாலானவற்றுக்குச் சதவீதமும் உண்டு. மற்றவர்கள் சுவர் ஏறக்கூடாது என்று அந்த நூல் எங்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒருத்தனுக்கு மட்டும் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டால், எண் இல்லாதவன் நிலைமை என்ன? "உனக்கு அது கிடையாதேப்பா." அவ்வளவுதான். நேற்றுவரை எல்லோருக்கும் இருந்தது இன்று ஒருவனின் சொத்து. திருடன் வந்து முதலில் திருடியது தன் தோழர்களிடமிருந்துதான்.

அதே 1975ல்தான் சிறையின் பிறப்பைப் பற்றிய ஃபூக்கோவின் நூலும் வந்தது. அதிகாரம் தடுப்பது மட்டுமல்ல, உற்பத்தி செய்வதும்கூட என்ற அவரது வாதத்தை நாம் நிறையவே பேசியிருக்கிறோம். திருடன் வகுப்பும் உற்பத்திதான்: புதிய திறன், புதிய உடல், புதிய பெருமை. ஆனால் அந்த உற்பத்தியின் மூலப்பொருள் மற்றவர்களின் இயலாமை. இந்த இரண்டாவது பாதியை நாம் பேசுவது குறைவு.

மறைமுகமாக நடந்ததைச் சட்டமாகவே எழுதிவைத்தது 2000ல் வந்த மூன்றாம் பதிப்பு. தேடும் திறன் எல்லோருக்கும் உண்டு. ஆனால் பொறியின் கடினம் இருபதுக்கு மேல் போனால், திருடனின் வாரிசான 'ரோக்' வகுப்பினரால் மட்டுமே அதைக் கண்டுபிடிக்க முடியும். போர்வீரனுக்குப் பகடையில் எவ்வளவு விழுந்தாலும் பயனில்லை. காலடியில் இருப்பதைப் பார்க்கும் உரிமை அவன் கண்ணுக்கு இல்லை.

3

வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்றேன். எல்லோருமா? 1974ல் மனிதருக்கு உச்சவரம்பு கிடையாது. குள்ளர் இனத்தவர் போர்வீரராக மட்டுமே ஆகலாம், அதுவும் ஆறாம் படிநிலை வரைதான். ஹாபிட் என்றால் நான்காம் படிநிலையோடு சரி. 1978ன் விதிப்புத்தகம் இதை இன்னும் விரிவான அட்டவணையாக்கியது. அந்த அட்டவணையைப் பாருங்கள்: குள்ளர், எல்ஃப், ஹாஃப்லிங் மூவரும் வரம்பின்றி உயரக்கூடிய தொழில் ஒன்றே ஒன்று. திருட்டு. பாதி ஓர்க் இரத்தம் உள்ளவருக்குத் திருட்டிலும் வரம்பு உண்டு. அவர் வரம்பின்றி உயர்வது கொலைத்தொழிலில். அதே புத்தகத்தில் பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கும் ஆணைவிடத் தாழ்ந்த உச்சவரம்பு.

1981ன் தொடக்கநிலைப் பதிப்பு இதன் தர்க்கத்தை முடித்துவைத்தது. அங்கே எல்ஃப் என்பதே ஒரு வகுப்பு, குள்ளர் என்பதே ஒரு வகுப்பு. மனிதனுக்குத் தொழில் உண்டு. மற்றதுகளுக்குப் பிறப்பே தொழில். மனிதன் பலவாக இருக்கலாம், மற்றமை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மையம் தன்னை எப்படி வரைந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டுமா?

இந்த உச்சவரம்புகள் 2000ல் நீக்கப்பட்டன. 2024ன் விதிப்புத்தகத்தில் 'இனம்' என்ற சொல்லே போய் 'உயிரினம்' என்ற பொருள்தரும் சொல் வந்தது. பிறப்பால் வந்த வலிமை, அறிவுக் கூட்டல்களும் போயின. நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூட்டல்கள் எங்கே போயின? 'பின்னணி'க்கு. உழவர் பின்னணியில் வந்தவர் வலிமை, உடல்திடம், விவேகம் என்ற மூன்றில் கூட்டிக்கொள்ளலாம். பிரபு பின்னணிக்கு வலிமை, அறிவு, வசீகரம். கல்விமானுக்கு உடல்திடம், அறிவு, விவேகம். கைவினைஞருக்குக்கூட அறிவு இருக்கிறது. உழவருக்கு இல்லை. நடுவர் மனம்வைத்தால் புதிய பின்னணி அமைக்கலாம் என்பது உண்மை. அச்சில் இருப்பது விதி, மனம்வைப்பது சலுகை. உயிரியல் நிர்ணயத்தை வெளியேற்றிய கையே சமூக நிர்ணயத்தை உள்ளே அழைத்து உட்கார வைத்திருக்கிறது.

4

வகுப்புகளுக்கு ஆதரவான வாதம் ஒன்று வலுவானது. ஆளுக்கொரு தனித்திறன் இருந்தால்தான் ஒவ்வொருவரும் தேவைப்படுவார்கள். கூச்சப்பட்டு ஒதுங்கும் ஒருத்திக்கும் "இப்ப நீதான்" என்று முறை வரும். வகுப்பே இல்லையென்றால் சத்தமாகப் பேசுகிறவன்தான் எல்லாவற்றையும் செய்வான். கூட்டங்கள் நடத்திய யாரும் இதை மறுக்க முடியாது.

வகுப்பை ஒழித்த ஆட்டங்களும் உண்டு. 1978ல் வந்த 'ரூன்குவெஸ்ட்' வகுப்பே வைக்கவில்லை. எதைச் செய்து பார்க்கிறாயோ அது வளரும். ஆனால் அங்கே பெரிய மந்திரம் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு தெய்வத்தின் வழிபாட்டுக் குழுவில் சேரவேண்டும். வகுப்பு எழுந்துபோன நாற்காலியில் மதம் வந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்குப் பயனுள்ளதாகத் தெரிவது 2010ல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' எடுத்த வழி. அது மாயாஜால உலகம் அல்ல, அழிவுக்குப் பின்னான உலகம். அதிலும் பாத்திர வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வல்லமையும் உண்டு. ஆனால் மிரட்டல், ஏமாற்றல், ஆபத்தில் துணிதல் போன்ற அடிப்படைச் செயல்கள் எல்லோருக்கும் பொது, தாளில் அச்சிட்டே கொடுக்கப்படுகின்றன. பொதுச்சொத்தை முதலில் எழுதிவிட்டுப் பிறகுதான் தனிச்சொத்துக்கு வருகிறார்கள். ஒருவருக்குக் கொடுப்பதற்காக மற்றவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

ஆகவே, எந்த வகைப்பாட்டையும் அது யாருக்கு என்ன கொடுக்கிறது என்று மட்டும் படித்தால் போதாது. ஆட்டத்துக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. இயக்கங்களிலும் பத்திரிகைகளிலும் 'கோட்பாட்டாளர்', 'களப்பணியாளர்' என்று நாமே வகுத்து வைத்திருக்கிறோமே, அங்கேயும் கேட்கலாம். அந்தப் பெயரை ஒருவருக்குச் சூட்டுவதற்கு முன் அந்த வேலையை யார் யாரெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள்? சூட்டிய பிறகு அதில் எத்தனை பேர் செய்வதை நிறுத்தினார்கள்?