உச்சத்தில் இருந்தபோதே மேடையை விட்டவர்

நல்ல ஃபார்மில் இருக்கும் ஆட்டக்காரர் தானே ஓய்வு கேட்பது அபூர்வம். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1959இல் அதைச் செய்தார். அப்போது அவருக்கு வயது 28. 1956இல் பதிவான ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ இசைத்தட்டு அவரை முதல் வரிசைக்குக் கொண்டுவந்திருந்தது. அதிலுள்ள ‘ப்ளூ செவன்’ வாசிப்பில், தொடக்கத்தில் வரும் சின்னஞ்சிறு சுரக்கோவையிலிருந்தே முழுக் கற்பனையும் வளர்வதை இசை விமர்சகர் கன்தர் ஷுல்லர் 1958இல் விரிவாக அலசிப் பாராட்டினார். இத்தனை புகழுக்கு நடுவிலும், தன் வாசிப்பு அந்தப் பெயருக்கு ஈடாக இல்லை என்று ரோலின்ஸ் கருதினார். கலைஞனுக்குக் கைதட்டலைவிடச் சொந்தக் காதே பெரிய நடுவர் என்ற அவருடைய கொள்கைக்கு இந்த விலகலே முதல் சான்று.

அடுத்த சான்று, அவர் சாதகம் செய்த இடம். வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை என்பதால், நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றின் மேலுள்ள வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போனார். 1961 வரை, வெயிலோ பனியோ, மணிக்கணக்கில் அங்கே வாசித்தார். பக்கத்தில் ரயில், கீழே படகு. நாதத்தை எதிரொலித்துத் தாங்கச் சுவரும் கிடையாது. அங்கே மூச்சின் பலமும் நாதத்தின் கனமும் மட்டுமே துணை. வாசிக்கும்போது யோசிக்க முடியாது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யோசனையெல்லாம் சாதகத்தில் முடிந்திருந்தால்தான் மேடையில் மனம் விடுபட்டுப் பாயும். இந்தப் பார்வையில், சாதகம் கச்சேரிக்கான முன்னேற்பாடு மட்டுமாக இருப்பதில்லை. அதுவே வாழ்க்கைமுறை ஆகிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. திரும்பி வந்து 1962இல் அவர் வெளியிட்ட ‘தி பிரிட்ஜ்’ புதிய பாணி எதையும் தரவில்லை; அதற்குள் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான ஆர்னெட் கோல்மன் ஜாஸின் இலக்கணத்தையே அசைத்துவிட்டார் என்றார்கள் விமர்சகர்கள். பாணியை மட்டும் பார்த்தால் அது சரியே. ஆனால், ரோலின்ஸ் தேடியது தன் வாசிப்பின் குறைகளுக்கு மருந்து. அதன் பலனை ஓர் இசைத்தட்டில் அளப்பதைவிட, 80 வயதைத் தாண்டி 2012 வரை அவர் மேடையேறியதில் அளப்பதே பொருத்தம். கடைசியில் நுரையீரல் நோய்தான் அவரை நிறுத்தியது. இப்படி விலகி நிற்க எல்லோருக்கும் வசதி உண்டா என்ற கேள்வியும் நியாயமானதே. பின்னாளில் மனைவியான லூசில் வேலைக்குப் போய்த் தாங்கியதால்தான் அவருக்கு அது முடிந்தது. ஆகவே கலைஞனின் பொறுமையைப் போற்றுகிறவர்கள், அந்தப் பொறுமைக்குச் சோறு போட்டவர்களையும் சேர்த்தே போற்ற வேண்டும்.