வில் தந்தியைத் தொடும் சத்தம்

ரிச்சி தெருவின் சந்தடியைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கடைக்காரர் ஒரே ஜோடி ஸ்பீக்கரில் இரண்டு ரிசீவர்களை மாற்றி மாற்றி இணைத்துக் காட்டுகிறார். ஓடுவது இளையராஜாவின் 1986 இசைத்தொகுப்பு, 'ஹவ் டு நேம் இட்'. முதல் வேலையாக இரண்டின் ஒலியளவையும் சமமாக்குகிறார். கொஞ்சம் உரக்கப் பாடுவதையே நல்லதென்று காது நம்பிவிடும். அதற்கு அவர் இடம் கொடுப்பதில்லை. அந்த நிதானத்தைப் பார்ப்பதே ஒரு சுகம்.

முதல் ரிசீவரில் வயலின் இனிமையாகத்தான் இருக்கிறது. இரண்டாவதில், வில் தந்தியைப் பற்றும் அந்தச் சின்ன உரசல்கூட விரல்நுனியில் படுவதுபோல் கேட்கிறது. பேஸ் கிட்டார் குழம்பிப் பரவாமல், ஒவ்வொரு சுரமும் உருண்டு திரண்டு எழுந்து அடங்குகிறது. பிறகு ஒலியை நன்றாகக் குறைக்கிறார். மெல்லக் கேட்கும்போது கீழ்ச் சுரங்கள்தான் முதலில் காதைவிட்டு நழுவும். இதிலோ அவை மங்கினாலும் தாளம் பிசகாமல் நடக்கிறது. கடைசியில் பாட்டு நிற்கிறது. ஸ்பீக்கர் அருகே காதை வைக்கிறேன்: ஒரு சிறு 'உஸ்' கூட இல்லை. இசை வந்து உட்காரத் துடைத்து வைத்த திண்ணைபோல், சுத்தமான மௌனம்.