நரம்பா, இரத்தக் குழாயா?

"நரம்புத் தளர்ச்சி" என்னும் சொல்லைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். பேருந்து நிலையச் சுவர்களிலும் வார இதழ்களின் கடைசிப் பக்கங்களிலும் பல்லாண்டுகளாக அது பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கி வருகிறது. ஆணுறுப்பு விறைப்பு அடையாமை, அல்லது அடைந்த விறைப்பு நிலைக்காமை என்பதே அப்பொருள். இளமையில் செய்த "தவறு"களால் நரம்பு தளர்ந்தது, லேகியத்தால் அது முறுக்கேறும் என்பது விளம்பரக்காரர் கூற்று. இதற்கு எதிர்த்திசையில் வேறொரு வகை எழுத்தும் இப்போது பெருகியிருக்கிறது. புகையை விடுங்கள், நடங்கள், எடையைக் குறையுங்கள், மாதுளை உண்ணுங்கள் என்று பத்து வரியில் பட்டியல் தரும் நலவாழ்வுக் கட்டுரைகள் அவை. முதல் வகை பொய். இரண்டாம் வகை பெரும்பாலும் மெய். ஆனால் ஏன் என்று சொல்லாமல் கொடுத்தால் மெய்யும் லேகியத்தைப் போலவே விழுங்கப்படும். அதுதான் இக்கட்டுரைகள் மீது எனக்குள்ள குறை.

உண்மையில் நடப்பது என்ன? மூளையின் கட்டளையை நரம்பு கொண்டுவருகிறது. உடனே நரம்பு நுனிகளிலிருந்தும் தமனிகளின் உட்சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு வெளிப்பட்டு, குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, பஞ்சு போன்ற திசுவில் இரத்தம் நிரம்புகிறது. நிரம்பிப் பருத்த திசு, வெளிச்செல்லும் சிரைகளை உறுதியான மேலுறையோடு சேர்த்து நெருக்குகிறது. உள்ளே வந்த இரத்தம் எளிதில் வெளியேற முடியாமல் அழுத்தம் உயர்கிறது. ஆக, விறைப்புக்கு முதல் தேவையே தளர்ச்சிதான்! விளம்பரம் எதை நோய் என்கிறதோ அது, தசையைப் பொறுத்தவரை, நலத்தின் அடையாளம். இரத்த ஓட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கைக் கண்டறிந்ததற்காக 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீரிழிவு முற்றியவர்களுக்கும் சில அறுவை மருத்துவங்களுக்குப் பின்னரும் நரம்பே பழுதடைவது உண்டு. மனக்கவலையும், சில மருந்துகளும்கூடக் காரணமாகலாம். ஆயினும் நடுவயதைக் கடந்தோரிடம் பெரும்பாலும் பழுதாவது குழாய்தான்.

இங்கே இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒரு சொல். பட்டியல் கட்டுரைகளுள் சற்றுக் கற்றவை பாய்சொய் விதியைத் துணைக்கு அழைக்கின்றன. குழாயில் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே ஆரம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்காகும் என்று எழுதி, கொழுப்பு அடைப்பதைப் படம் போட்டுக் காட்டுகின்றன. கணக்கு சரி. ஆனால் அவ்விதி வளையாத, மாறாத குழாய்க்கு உரியது. நம் தமனி உயிருள்ள குழாய், வேண்டும்போது விரியும். நான்காம் மடியின் உண்மையான பயன் அந்த விரிவில்தான் இருக்கிறது. ஆரம் 20 விழுக்காடு கூடினாலே பாய்வு ஏறத்தாழ இருமடங்காகும். அடைப்பு ஏதும் இல்லாத குழாய்கூட, உட்சுவர் கெட்டு விரிய மறுத்தால், இந்த ஆதாயம் முழுவதையும் இழந்துவிடும். புகையும், மிகுந்த சர்க்கரையும், உயர் இரத்த அழுத்தமும் கெடுப்பது அந்த உட்சுவரையே. வேகமாக நடக்கும்போது இரத்தம் சுவரை உராய்ந்து ஓடுகிறது. அந்த உராய்வே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கத் தூண்டுகிறது. பட்டியலின் பெரும்பாலான வரிகள் இந்த ஒரு பத்தியில் அடங்கிவிடுகின்றன. மாதுளை நல்ல பழம், அவ்வளவே.

அடுத்த குறை, எல்லாப் பழக்கங்களையும் ஒரே தராசில் நிறுப்பது. அமெரிக்காவில் பாஸ்டனைச் சுற்றிய ஊர்களில் 40 முதல் 70 வயதுள்ள ஆண்களிடம் 1987 முதல் 1989 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. விடையளித்த 1,290 பேரில் 52 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இக்குறை இருந்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அதில் சிறிதளவு குறையும் சேர்ந்தே எண்ணப்பட்டது என்பதும், முழுமையாக இயலாதோர் பத்தில் ஒருவர் அளவே என்பதும் அவ்வளவாகப் பரவவில்லை. அவர்களைத் தொடர்ந்து 1995 முதல் 1997 வரை மீண்டும் ஆராய்ந்தனர். தொடக்கத்தில் பெரிய குறை இல்லாத 593 பேரை எடுத்துக்கொண்டு, இடையில் பழக்கம் மாற்றியவர் கதி என்னவென்று பார்த்தனர். முதலில் சோம்பியிருந்து நடுவயதில் உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்கும் குறை வரும் வாய்ப்பு குறைந்திருந்தது. நடுவயதில் எடை குறைத்தவர்களுக்கோ, புகையையும் குடியையும் மாற்றிக்கொண்டவர்களுக்கோ அத்தகைய பயன் தென்படவில்லை.

இதைப் படித்து, "இனி பீடியை விட்டு என்ன பயன்?" என்று எவரும் கேட்கலாகாது. 593 பேருக்குள் புகையை விட்டவர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? சிறு எண்ணிக்கையில் பயன் தென்படாமை வேறு, பயன் இல்லாமை வேறு. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிடைக்கும் நன்மை எப்படியும் மிஞ்சும். ஆய்வாளர்கள் சொன்னதும், இளமையிலேயே தொடங்குவது நல்லது என்பதே. நாற்பதுக்கு மேற்பட்டோரை மட்டும் விளித்து எழுதும் கட்டுரையாளர்கள் இதைக் கவனிப்பதில்லை. கல்லூரி விடுதி வாசலில் சிகரெட் பற்றவைக்கும் இருபது வயதினருக்குத்தான் இச்செய்தி முதலில் போய்ச் சேர வேண்டும். "புற்றுநோய் வரும்" என்பதைக் கேட்டுச் சிரிக்கும் மாணவர்கள் இதைக் கேட்டால் ஒரு நொடியாவது நிற்பார்கள் என்று நினைக்கிறேன்.

இரு வகை எழுத்தும் மறைக்கும் செய்தி ஒன்று உண்டு. ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை. ஒரே நோய் இரண்டிலும் பரவினால் குறுகிய குழாய் முதலில் குரல் கொடுக்கும். இத்தாலியில் நெஞ்சுவலியோடு வந்து இதயத் தமனி நோய் உறுதியான 300 பேரைப் பற்றி 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 147 பேருக்கு விறைப்புக் குறை இருந்தது. அந்த 147 பேரில் 99 பேருக்கு அது இதய அறிகுறிக்கு முன்பே தோன்றியிருந்தது. இடைவெளி சராசரியாக 39 மாதங்கள். விறைப்புக் குறை உள்ளவருக்கெல்லாம் மாரடைப்பு வரும் என்பது இதன் பொருளன்று. இவர்கள் இதய நோயாளிகளிலிருந்தே எடுக்கப்பட்டவர்கள். எனினும், மூன்றாண்டுக்கு மேற்பட்ட முன்னறிவிப்பு சிறிய பொருளா?

அந்த மூன்றாண்டு நம் ஊரில் எங்கே கழிகிறது? "ஆண்மைக் குறைவு" என்ற பெயரே மனிதனின் வாயை அடைத்துவிடுகிறது. மனைவியிடமும் சொல்லாமல், விடுதி அறையில் முகாமிடும் வைத்தியரிடம் போகிறார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் அளந்து பார்க்கப்படுவதில்லை. இத்தகைய விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் இயற்றப்பட்டது; சுவர்கள் அதைப் படிக்கவில்லை போலும்! "மூலிகை" என்று விற்கப்பட்ட இவ்வகைப் பொடிகள் சிலவற்றில் சில்டெனாஃபில் என்னும் மருந்து சொல்லாமல் கலக்கப்பட்டிருந்ததை வெளிநாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. அதுவும் நைட்ரிக் ஆக்சைடு செல்லும் வழியிலேயே வேலை செய்து குழாயை விரிக்கும் மருந்துதான். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பவர் அதே நாளில் அப்பொடியையும் உண்டால், இரண்டும் சேர்ந்து உடலெங்குமுள்ள குழாய்களை விரித்து, இரத்த அழுத்தத்தை உயிருக்கு ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும். பொடியில் என்ன இருந்தது என்பது, அவரை மருத்துவமனைக்குத் தூக்கி வருபவர்களுக்கும் தெரிந்திராது.