குறுகிய வழியே நல்ல வழியா?

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு எது குறுகிய வழி என்று கேட்டால், கணிப்பொறி நொடியில் விடை தருகிறது. இத்தகைய விடையைத் தேடித் தரும் நெறிமுறைகளுள் புகழ் பெற்றது ‘ஏ-ஸ்டார்’ ஆகும். ஹார்ட், நில்சன், ராஃபேல் என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்கள் 1968இல் இதனை வெளியிட்டனர். சுற்றுலாத் திட்டம் வகுக்கவும் இதுவே போதும் என்று கருதுவோர் உண்டு. இக்கருத்து எந்த அளவுக்குச் சரி? சேலம், நாமக்கல் பகுதியையே உரைகல்லாகக் கொண்டு காண்போம்.

முதலில் இதன் சிறப்பு. டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறை, புறப்பட்ட ஊரின் நாற்புறமும் தேடும். ஏ-ஸ்டாரோ, வந்த தொலைவுடன், இனிப் போக வேண்டிய நேர்கோட்டுத் தொலைவையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த ஊரை முதலில் ஆராயும். எனவே தெற்கே நாமக்கல் செல்பவருக்காக வடக்கே ஓமலூர்ப் பக்கம் வீணாக அலையாது. இந்த மதிப்பீடு உண்மைத் தொலைவை மிஞ்சாத வரையில் விடை தவறாது.

சமவெளியில் இது நன்கு பயன்படும். கொல்லிமலையில் என்ன ஆகும்? காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நேர்கோடு அச்சாலையின் நீளத்தை மிகவும் குறைத்துக் காட்டும். விடை பிழையாகாது; ஆனால் தேடும் வேலை பெருகும். மேலும், மலைச்சாலையின் 20 கிலோமீட்டரும் நெடுஞ்சாலையின் 20 கிலோமீட்டரும் ஒன்றல்ல. ஆகவே தொலைவை விட்டு நேரத்தைக் கணக்கிடுவதே முறை. அப்போது நேர்கோட்டுத் தொலைவை வண்டியின் உச்ச வேகத்தால் வகுக்க வேண்டும். சராசரி வேகத்தால் வகுத்தால் மதிப்பீடு உண்மையை மிஞ்சக்கூடும். சிறந்த வழி கைநழுவிப் போகலாம்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. சரக்கேற்றிச் செல்லும் நாமக்கல் லாரிக்குக் குறுகிய வழி போதும். பயணிக்குப் போதாது. ஏற்காடு, மேட்டூர், தாரமங்கலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய 6 இடங்களையும் பார்த்துச் சேலம் திரும்ப 720 வரிசைகள் உள்ளன. ஒரே சுற்றை எதிர்த்திசையில் வந்தாலும் தொலைவு மாறாது என்பதால் 360 போதும் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் காலையில் திறந்திருக்கும் கோயில், எதிர்த்திசையில் வரும்போது நண்பகலில் நடை சாத்தியிருக்குமே! பாதியாக்கும் கணக்கு இங்கே செல்லாது.

ஒரே நாளில் அனைத்தையும் பார்க்கவும் இயலாது. எதை விடுவது? ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்பெண் தந்து, குறித்த நேரத்தில் மிகுந்த மதிப்பெண் பெறும் வழியைத் தேடும் முறைகள் 1980களில் ஆராயப்பட்டன. பயணிக்கு ஏற்ற கணக்கு இதுவே. எனினும் மதிப்பெண் வழங்குபவர் யார்? 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக்கு எத்தனை? கூட்டத்தை வைத்து மதிப்பிட்டால், கூட்டமுள்ள இடத்துக்கே மேலும் கூட்டம் சேரும். தாரமங்கலத்துச் சிற்பங்கள் விடுபடலாம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். இளைஞருக்கும் முதியவருக்கும் அதன் மதிப்பு ஒன்றாகுமா?

ஏ-ஸ்டார் கேட்ட கேள்விக்குச் சரியான விடை தரும் அரிய கருவி என்பதில் ஐயமில்லை. கேள்வியைச் சரியாக அமைப்பது நம் பொறுப்பு. இதனைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள், வரைபடத்தில் கிலோமீட்டரை மட்டும் குறிக்காமல், பயண நேரம், நடை திறக்கும் வேளை, படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் குறித்துக்கொண்டு தொடங்குவார்களாக.